வானவில்லும் கீட்ஸின் கவியும்

விஞ்ஞானம் வளர வளர இயற்கையின் வனப்புக் குன்றும் என்று கூறுவார் நம்மவருள்ளும் பலர். இக்கூற்றுக்கு மேனாட்டில் பெருந்துணையாய் நிற்பது, ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1820இல் வெளியிட்ட ‘லாமியா’ என்னும் நெடும்பாட்டாகும். அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பெண்ணுருக் கொண்ட பாம்பொன்று லிசியஸ் என்னும் இளைஞனை மயக்குகிறது. மணவிருந்தில் அபலோனியஸ் என்னும் தத்துவாசிரியன் அவளை உற்று நோக்கி உண்மையை உரைக்கவே, அவள் மறைகிறாள், இளைஞனும் மாள்கிறான். இக்கதையினிடையே, வானவில்லின் மருமத்தை அறிவு அவிழ்த்துவிட்டதால் அதன் மாண்பு போயிற்றெனக் கவிஞர் வருந்துகிறார். இவ்வருத்தம் அவருக்குப் புதிதன்று. 1817 டிசம்பர் 28இல் ஓவியர் ஹேடன் இல்லத்து விருந்திலேயே, முப்பட்டைக் கண்ணாடியால் ஒளியைப் பிரித்துக் காட்டிய நியூட்டன் வானவில்லின் கவிதையை அழித்துவிட்டார் என்றோருடன் அவரும் சேர்ந்துகொண்டார்.

பாட்டின் ஓசையும் சித்திரமும் உயர்ந்தவையே. அதன் நியாயத்தையே நாம் மறுக்கிறோம். லாமியா பொய்யுரு, உண்மையின் பார்வை பட்டதும் மறைந்தாள். வானவில்லோ பொய்யன்று. நியூட்டனின் ஒளிநூல் 1704இல் வெளிவந்த பின்னரும் அதன் நிறங்களுள் ஒன்றேனும் மங்கிற்றா? உவமை பொருந்தாத இடத்தில் கவி வழுக்குகிறது.

அறிவு நமக்குத் தந்ததையும் எண்ணிப் பார்ப்போம். கதிரொளி மழைத்துளியினுள் வளைந்து புகுந்து, பின்சுவரில் மோதித் திரும்பி, மீண்டும் வளைந்து வெளிவருகிறது. சிவப்பு ஏறத்தாழ 42 பாகைக் கோணத்திலும், ஊதா 40 பாகைக் கோணத்திலும் நம் கண்ணை அடைகின்றன. வில்லின் உச்சியில் விழும் ஒரே துளி, முதலிற் சிவப்பை அனுப்பி, இறங்க இறங்க ஏனைய நிறங்களையும் அனுப்பி, ஊதாவோடு விடைபெறுகிறது. அடுத்த துளி அவ்விடத்தை நிரப்புகிறது. அசையாது நிற்பதாய் நாம் கண்ட வில், ஓயாது வீழும் துளிகளின் அணிவகுப்பாகும்! அருகருகே நிற்கும் இருவர் காண்பதும் ஒரே வில்லன்று. அவரவர் கண்ணுக்கு அவரவர் வில். சில வேளைகளில் மேலே தோன்றும் இரண்டாம் வில்லில் நிறங்கள் தலைகீழாய் நிற்பதையும், இரு விற்களுக்கும் இடையே வானம் கறுத்திருப்பதையும் அறியாதான் கண்டுங் காணான். மாலை மழை ஓய்ந்ததும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் கிழக்கே வில்லைத் தேடுவதும், உச்சிவெயிலில் அது தோன்றாததும் ஏனென்பதற்கு இக்கணக்கே விடை. இவற்றுள் எது கவிதைக்குப் பகை?

கீட்ஸுக்கு விடை கூற வேறொருவர் வேண்டுவதில்லை, கீட்ஸே போதும். சாப்மன் மொழிபெயர்த்த ஹோமர் காவியத்தைப் படித்த களிப்பை 1816இல் பாடிய அவர், அதற்கு உவமையாய்க் கொண்டது யாது? புதுக்கோளொன்றைக் கண்ட வானாராய்ச்சியாளனின் களிப்பையன்றோ! 1781இல் ஹெர்ஷல் தொலைநோக்கியால் யுரேனஸைக் கண்ட செய்தி அவ்வுவமைக்குப் பின்னே நிற்கிறது. விஞ்ஞானத்தை அஞ்சிய இடத்தில் அவர் கவி தடுமாறிற்று. அதனோடு கைகோத்த இடத்தில் வானளாவிற்று.

நம் எழுத்தாளர் நிலை என்ன? வானவில்லைக் கண்டதும் ‘இந்திரன் வில்’ என்றோ, மங்கையின் புருவம் என்றோ எழுதி அமைகின்றனர். நூறு முறை பிறர் சொன்னதைச் சொல்லக் கண் எதற்கு? ‘அஃது எப்படி வந்தது?’ என்று கேட்கும் சிறுவனுக்குப் பழங்கதையை விடையாய்த் தந்து வாயடைப்பது, அவன் அறிவை மட்டுமன்று, அவன் அடையவேண்டிய அழகையும் களவாடுவதாகும்.

ஆகவே, தோட்டத்திலாயினும் பட்டணத்திலாயினும் பிள்ளைகளின் கையில் கவிநூலோடு விஞ்ஞான நூலையும் கொடுங்கள். இரண்டையும் ஒருங்கே கற்றவனிடமிருந்தே நாளைய தமிழ்க்கவி பிறக்கும் என்பது நமது துணிபு.