கருவை முள்ளும் 350 சிசியும்

ஆறு மாதமாக மோட்டார் சைக்கிள் விமர்சனங்களைப் படித்தும் பார்த்தும் வருகிறேன். எனக்குப் பட்டது இதுதான்: இவற்றில் ஒன்றுகூட அருப்புக்கோட்டைக்காரனை நினைத்துச் செய்தது கிடையாது. எந்த மொழியில் இருந்தாலும் வண்டி ஓடுகிற இடம் மூன்றுதான். லடாக், ஸ்பிதி மாதிரி ஒரு மலை. இல்லையென்றால் ஈசிஆர் மாதிரி ஒரு கடற்கரைச் சாலை. அதுவும் இல்லையென்றால் பெங்களூர் டிராஃபிக். மலைக்கு எது நல்லது, ஹைவேயில் 120 போகுமா, சிக்னலில் கால் சுடுமா என்ற மூன்று கேள்விகளோடு விமர்சனம் முடிந்துவிடும். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி, கமுதி என்று போய் வருகிறவனுக்கு இந்த மூன்றுமே இரண்டாம் பட்சம். அவன் முதலில் கேட்க வேண்டியதை யாரும் கேட்பதில்லை. கருவை முள் குத்தினால் என்ன ஆகும்?

என்னிடம் இருப்பது 2013 மாடல் தண்டர்பேர்ட் 350. 20 லிட்டர் டேங்க், ஸ்போக் வீல், எடை 190 கிலோவுக்கு மேல். கம்பெனி 2020-லேயே இந்த மாடலை நிறுத்திவிட்டது. எஞ்சின் பரவாயில்லை. வயரிங், ஸ்விங் ஆர்ம் புஷ், கார்புரேட்டர் என்று சுற்றியிருப்பவைதான் ஒவ்வொன்றாகத் தகராறு செய்கின்றன. பம்பில் இப்போது வருவதோ 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. பழைய ரப்பர் பாகங்களுக்கும் ஆகாது. இரண்டு வாரம் சும்மா நின்ற கார்புரேட்டர் வண்டியைக் கிளப்பிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இந்த வண்டியில் நான் செய்கிற வேலை இரண்டு. சனி, ஞாயிறில் கண்மாய் மடை, கலுங்கு, கல்வெட்டு என்று கரை கரையாக அலைவது. மற்ற நாட்களில் அம்மாவை ஊரிலிருந்து அருப்புக்கோட்டைக்கு டாக்டரிடம் கூட்டிப் போய்க் கூட்டி வருவது. புது வண்டி இந்த இரண்டையும் செய்ய வேண்டும்.

எஞ்சினை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் சண்டை பூராவும் அங்கேதான் நடக்கிறது. "பழைய புல்லட் எஞ்சின் மாதிரி வராது" என்று ஒரு கோஷ்டி, "ஜே சீரிஸ்தான் எஞ்சின்" என்று இன்னொரு கோஷ்டி. காகிதத்தில் பாருங்கள். பழைய யூசிஇ எஞ்சின் 346 சிசி, 19.8 குதிரைத்திறன், 28 நியூட்டன் மீட்டர் டார்க். 2020 நவம்பரில் மீட்டியரோடு வந்த ஜே எஞ்சின் 349 சிசி, 20.2 குதிரைத்திறன், 27 நியூட்டன் மீட்டர். பன்னிரண்டு வருட உழைப்புக்கு அரைக் குதிரைகூட ஏறவில்லை! ஆனால் விஷயம் அந்த எண்ணில் இல்லை. 1955 வாக்கில் சென்னையில் கூட்டு சேர்ந்து, திருவொற்றியூரில் ஆலை போட்டுச் செய்ய ஆரம்பித்த 350 புல்லட்டின் சிலிண்டர் அளவு, விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் வீச்சு 90 மி.மீ. வார்ப்பிரும்பு போய் அலுமினியம் வந்தது, கியர் வலது காலிலிருந்து இடது காலுக்கு வந்தது, கியர்பாக்ஸும் எஞ்சினும் ஒரே கூட்டுக்குள் போயின. அந்த 70-க்கு 90 மட்டும் மாறவில்லை. ஜே எஞ்சினில்தான் அது 72-க்கு 85.8 ஆயிற்று. கூடவே அதிர்வை அடக்க ஒரு பேலன்சர் ஷாஃப்ட்டும் வந்தது. இதன் பலன் குதிரைத்திறனில் தெரியாது, 70 கி.மீ. ஓட்டிவிட்டு இறங்கும்போது உள்ளங்கையில் தெரியும். சத்தம் போய்விட்டதே என்று அழுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்த டுப் டுப் வெளியே நின்று கேட்பவனுக்குத்தான் சங்கீதம். ஓட்டுகிறவனுக்கு அது லூஸ் ஆகிற நட்டு.

ஆக, எஞ்சின் விஷயத்தில் இன்றைய 350 எதை எடுத்தாலும் பழுதில்லை. இப்போது முள்.

சீமைக்கருவேலத்தை நாங்கள் வேலிக்கருவை என்போம், வெறுமனே கருவை என்றும் சொல்வோம். திருச்சுழி தாண்டிக் குண்டாற்றங்கரை, கண்மாய் உள்வாய், தரிசு என்று எங்கும் அதுதான். வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். விறகை டிராக்டரில் ஏற்றிக் கரை வழியாகக் கொண்டு போகிறார்கள். போகிற வழியெல்லாம் சிமிறு சிந்திக்கொண்டே போகும். அந்த முள் காய்ந்தால் ஆணிதான். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி ஊர் ஊராகக் கருவையை வெட்டினார்களே, அந்தக் கோடையில் பஞ்சர் கடைகளில் இருந்த கூட்டம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இதுபோக உடைமரம் வேறு. அதன் வெள்ளை முள்ளின் நீளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

டியூப் டயரில் முள் ஏறினால் டியூப்பில் ஓட்டை விழும். டியூப்புக்கும் டயருக்கும் நடுவில் வந்த காற்று வால்வு துவாரம் வழியாகவும் ஸ்போக் துவாரங்கள் வழியாகவும் சீக்கிரமே வெளியேறிவிடும். முன் சக்கரத்தில் 70 கி.மீ. வேகத்தில் இது நடந்தால் ஹேண்டில் நம் பேச்சைக் கேட்காது. டியூப்லெஸ்ஸில் குத்திய முள்ளே பாதி அடைப்பாக இருந்துவிடும். காற்று மெல்லத்தான் இறங்கும். வீடு வந்து சேரலாம், அல்லது கரையிலேயே திரியைச் செருகி அடைத்துவிட்டுக் கைப்பம்பில் காற்று பிடித்துக்கொள்ளலாம். பத்து நிமிட வேலை. டியூப் வண்டியில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஆக்ஸில் நட்டைக் கழற்றி, செயினைத் தள்ளி, பின் சக்கரத்தை வெளியே எடுத்து, டயரை நெம்பி, டியூப்பை உருவி, ஒட்டுப்போட வேண்டும். அதோடும் தீராது. டயருக்குள்ளே ஒடிந்து நிற்கிற முள் முனையை விரலால் தடவித் தடவி எடுக்க வேண்டும். அது ஒன்று தங்கிவிட்டால் அடுத்த ஊருக்குள் மறுபடியும் பஞ்சர். திருச்சுழியில் பஞ்சர் ஒட்டுகிற அண்ணன் ஒருவர் என் வண்டியைப் பார்த்தாலே, "வாங்கண்ணே, இன்னைக்கு எத்தன முள்ளு?" என்பார்.

விமர்சகர்கள் இங்கேதான் கவிழ்கிறார்கள். கரடுமுரடான பாதைக்கு ஸ்போக் வீல்தான் சரி, அலாய் சரிப்படாது என்பது அவர்களுக்கு வேதவாக்கு. காரணமும் உண்டு. பாறையில் மோதினால் ஸ்போக் வளையும், கோட்டம் எடுத்துக்கொள்ளலாம். அலாய் விரிசல் விடும். ஸ்பிதியில் அது உண்மை. நம்ம ஊர்ல பாறை எங்க இருக்கு? இது கரிசலும் செம்மண்ணும் களிமண்ணும் கிடக்கிற சமவெளி. சக்கரத்தை வளைக்கிற கல் வருடத்துக்கு ஒன்று எதிர்ப்படலாம், முள் தினமும் எதிர்ப்படும். டிரயம்ப் ஸ்க்ராம்ப்ளர் 400 எக்ஸ் அலாய் வீலோடு வந்தபோது ஸ்போக் இல்லையே என்று குறைப்பட்டார்கள். எங்கள் பக்கம் ஒரு நாள் ஓட்டியிருந்தால் அதையே சிறப்பம்சமாக எழுதியிருப்பார்கள்.

"அப்ப இந்த ஊர்க்காரங்க இத்தன வருஷமா டியூப் டயர்லதான ஓட்டுறாங்க?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தக் காட்டின் உண்மையான மோட்டார் சைக்கிள் எது என்றால் டிவிஎஸ் எக்ஸெல்தான். மிளகாய் மூட்டை, மல்லி மூட்டை, ஆட்டுக்குட்டி, தண்ணீர்க் குடம், நடுவில் ஒரு ஆள் என்று எல்லாம் அதில்தான் போகின்றன. அதிலும் டியூப் டயர்தான். ஆனால் அதன் எடை 90 கிலோவுக்குள். பஞ்சரானால் இறங்கி, பேசிக்கொண்டே இரண்டு மூன்று கி.மீ. தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். 190 கிலோ வண்டியைக் காற்று இறங்கிய பின் சக்கரத்தோடு புழுதியில் அரை கி.மீ. தள்ளிப் பாருங்கள், மே மாத வெயிலில். எடையும் டியூப்பும் சேரும்போதுதான் ஆபத்து. தனித்தனியாக இரண்டையும் சமாளிக்கலாம். எந்த விமர்சனத்திலாவது 'பஞ்சரானால் தள்ள முடியுமா' என்று ஒரு வரி இருக்கிறதா?

இந்தக் கண்ணோடு சந்தையைப் பார்த்தால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடுகிறது. ஹிமாலயன் 450-ஐப் பற்றி எல்லோரும் புகழ்கிறார்கள். 452 சிசி, 40 குதிரைத்திறன், 40 நியூட்டன் மீட்டர். நல்ல வண்டி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த டார்க் முழுசாகக் கிடைப்பது 5500 ஆர்பிஎம்மில். ஜே எஞ்சினில் 4000. கண்மாய்க் கரையில் இரண்டாம் கியரில் மாட்டுக்கு வழிவிட்டு ஊர்கிறவனுக்கு முதலாவது எதற்கு? 2023-ல் இந்தியாவில் வந்தபோது ஸ்போக்கோடு டியூப்தான். டியூப்லெஸ் ஸ்போக் பிறகு, தனிக் காசுக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி வேறு குறுக்கே நிற்கிறது. 350 சிசி வரை 18 சதவீதம், அதற்கு மேல் போனால் 40. இந்தக் கோடு எந்த எஞ்சினியரிங் காரணத்தாலும் போடப்பட்டதல்ல. போட்டாகிவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு அம்மா. எழுபதைத் தாண்டியவர், சேலைதான் கட்டுவார், ஒருக்களித்துத்தான் உட்காருவார். நம் ஊரில் பின்சீட்டில் போகிற பெண்களில் எத்தனையோ பேர் இப்படித்தான் உட்காருகிறார்கள். பின்சீட்டில் உட்காருகிறவருக்குக் கைப்பிடியும் கால் மிதியும், துணி சக்கரத்தில் சிக்காமல் தடுப்பும் இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. விமர்சன வீடியோவில் வருகிற வண்டிகளைக் கவனியுங்கள், பெரும்பாலும் சாரி கார்டைக் கழற்றியிருப்பார்கள், அழகு கெடுகிறதாம். பின்சீட்டைப் பற்றிப் பேசினால், ஆறடி நண்பர் ஒருவர் காலை இரண்டு பக்கமும் போட்டு உட்கார்ந்து "ஓகே ப்ரோ" என்பதோடு சரி. நான் அம்மாவை ஷோரூம்களுக்கே அழைத்துப் போய் ஒவ்வொன்றிலும் உட்காரவைத்துப் பார்த்தேன். விற்பனைப் பையன்கள் கொஞ்சம் திகைத்தார்கள். ஸ்க்ராம்ப்ளரின் சீட் உயரம் 835 மி.மீ.; அம்மா ஏறவே முயற்சிக்கவில்லை. "இதுல ஏத்தணும்னா ஏணியும் சேத்து வாங்குய்யா" என்றார். முள்ளுக்கு மிகப் பொருத்தமான வண்டி அதோடு போயிற்று.

மீட்டியர் 350 அம்மாவுக்குப் பிடித்தது. ஓட்டுகிறவர் சீட் 765 மி.மீ.தான், அலாய் வீல், டியூப்லெஸ். ஆனால் கால் மிதி முன்னால் தள்ளி இருக்கிறது. பள்ளம் வரும்போது மிதியில் எழும்பி நிற்க முடியாது. விழுகிற அடியெல்லாம் நேராக இடுப்பு எலும்புக்கு. தேசிய நெடுஞ்சாலை 38-ல் பந்தல்குடி, எட்டயபுரம் என்று போகிறவருக்கு அருமையான வண்டி. கரைக்கு ஆகாது. ஹன்டர் 350 இலேசு, ஆனால் 17 அங்குலச் சக்கரமும் குறைந்த தரை இடைவெளியும் நகரத்துக்கானவை. ஹோண்டாவின் சிபி350 வரிசை இந்தக் கணக்கில் எல்லாவற்றையும் தாண்டிவிடுகிறது. 181 கிலோ, 30 நியூட்டன் மீட்டர், அலாய், டியூப்லெஸ். ஆனால் அது பிக்விங் என்ற தனி ஷோரூம்களில் விற்கிற வண்டி. ஒரு கேபிள் அறுந்தாலும் மதுரைக்கு 50 கி.மீ. ஓடுகிற வண்டியை இங்கே வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மிஞ்சியது கிளாசிக் 350. நடுவில் இருக்கும் கால் மிதி, 805 மி.மீ. சீட், 170 மி.மீ. தரை இடைவெளி. இதில்தான் எனக்குக் கோபம் வருகிற சமாச்சாரம் ஒன்று உண்டு. பெரும்பாலான நிறங்களில் ஸ்போக்கும் டியூப்பும்தான். அலாயும் டியூப்லெஸ்ஸும் வேண்டுமென்றால் ஸ்டெல்த் பிளாக் மாதிரி விலை கூடிய நிறத்துக்குப் போக வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட ஒரு பாகத்தை பெயிண்டோடு முடிச்சுப் போட்டு விற்கிறார்கள். பச்சை நிற வண்டிக்காரனை முள் குத்தாதா?

கரிசல் சேற்றைப் பற்றிக் கேட்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் கிளாசிக்கின் தாழ்ந்த முன் மட்கார்டுக்குள் கரிசல் அப்பிச் சக்கரமே சுற்றாமல் நிற்கும், உண்மைதான். உயர்ந்த மட்கார்டு இருக்கிற எக்ஸ்பல்ஸ் மாதிரி வண்டிகள் அந்த இடத்தில் ஜெயிக்கும். ஆனால் வருடத்தில் நாற்பது நாள் சேற்றுக்காக மீதி நாளெல்லாம் டியூப்பைச் சுமக்க முடியாது. அந்த நாற்பது நாளும் கரிசல் காட்டுக்குள் எக்ஸெல்லே போகாது, நடந்துதான் போக வேண்டும்.

உண்மையான இழப்பு கிக்கர்தான். தண்டர்பேர்டில் செல்ஃப் வேலை செய்யாவிட்டால் ஓர் உதை. ஜே எஞ்சினில் கிக்கர் கிடையாது, பெட்ரோல் பம்பும் இன்ஜெக்ஷனும் பேட்டரியை நம்பியவை. பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் தள்ளிக் கிளப்புவதும் நடக்காது. பவர் பேங்க் மாதிரி ஒரு சின்ன ஜம்ப் ஸ்டார்ட்டர், திரி வைக்கிற பஞ்சர் கிட், கைப்பம்பு மூன்றும் பக்கப் பெட்டியில் போகும். ஸ்டெல்த் பிளாக்குக்கு முன்பணம் கட்டியிருக்கிறேன். சாரி கார்டைக் கழற்றாமல் தரச் சொல்லி ஆர்டர் படிவத்திலேயே எழுதிக் கொடுத்தாயிற்று.