ஆற்றுப்படை: பெற்றவன் சொல்லும் வழி

வாழ்க்கையை மகிழ்ச்சிப் பயணமாகக் கண்ட தமிழ்க் கவிதை மரபுகளுள் தலையாயது ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வருபவனுக்குத் தான் பெற்ற வளத்தைச் சொல்லி வழிப்படுத்துவது இதன் இலக்கணம். கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகிய நால்வகைக் கலைஞர்க்கும் உரியதென இதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுக்கிறது. சங்க இலக்கியத் தொகுப்பான பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது 5 பாட்டுகள், ஆற்றுப்படைகளே.

இவற்றில் இரு நெறிகள் உண்டு. பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, மலைபடுகடாம் ஆகிய நான்கும் வள்ளலிடம் ஆற்றுப்படுத்துகின்றன. நக்கீரரின் திருமுருகாற்றுப்படை முருகனிடம் ஆற்றுப்படுத்துகிறது. அங்கே தேடும் பொருள் திருவருள். பின்னாளில், பதினெட்டாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் செழித்த சிந்து என்னும் இசைப்பாட்டு வகைகளிலும் இந்த வழிநடைக் களிப்பு தொடர்ந்தது. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து, கழுகுமலைக்குக் காவடி சுமந்தோர் கால்களுக்குத் தாளம் தந்தது.

ஆற்றுப்படை மரபின் தரத்தை அளக்க மூன்று அளவுகோல்கள் போதும்.

முதலாவது, துன்பத்தை மறைக்காத மகிழ்ச்சி. சிறுபாணாற்றுப்படையில் பாணன் வீட்டு அடுக்களையைப் பாருங்கள். பசியால் மெலிந்த கிணைமகள், அதாவது கிணைப்பறை இசைக்கும் குடியின் பெண், குப்பையில் முளைத்த வேளைக் கீரையைக் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் கண்டுவிடுவார்களோ என்று நாணிக் கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தாரோடு சேர்ந்து உண்கிறாள். இந்த வறுமையைக் கண்டபின்தான் அப்பாட்டின் தலைவனான வள்ளல் நல்லியக்கோடனின் கொடை நமக்கு உறைக்கிறது.

இரண்டாவது, வழியைப் பற்றிய மெய்யறிவு. 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம், பன்றிக்கு வைத்த கல்பொறிகள் உள்ள பாதையில் விடிந்தபின் செல்லச் சொல்கிறது. பாசி வழுக்கும் இடத்தில் சிறுமூங்கிலைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறது. நடந்து பழகியவன் சொல்லக்கூடிய அறிவுரை இது.

மூன்றாவது, வழியில் எதிர்ப்படும் மனிதர். பெரும்பாணாற்றுப்படையில் ஆயர் தினைச்சோறும் பாலும் தருகிறார்கள். சிறுபாணாற்றுப்படையின் ஆமூரில் வெண்சோற்றோடு நண்டுக்கறி கிடைக்கிறது. அரண்மனை வாசலை எட்டும் முன்பே விருந்து தொடங்கிவிடுகிறது. வழி முழுவதும் ஊர்ச் சனங்கள் வள்ளல்களாக நிற்கிறார்கள்.

இன்று வாழ்வைக் கொண்டாடிப் பாடுவோர்க்கும் இந்த அளவுகோல்கள் பொருந்தும். மகிழ்ந்தேன் என்று அறிவிப்பதோடு நின்றுவிடும் கவிதை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. எதிரே வருபவனையும் அந்த மகிழ்ச்சியிடம் கொண்டு சேர்ப்பதே ஆற்றுப்படைப் புலவர்கள் நமக்கு வைத்துச்சென்ற கடமை.