மாத்திரையை எண்ணுகிறோம், தூக்கத்தை?

'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றி வரும் செய்திகளில் தவறாமல் ஒரு எண் இருக்கும்: இத்தனை பேர் பயனடைந்தார்கள். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. 2024-ல் ஐ.நா. விருதும் வாங்கியது. நல்ல திட்டம்தான். எங்க அன்னவாசல் பக்கம் ஒரு பாட்டி பிரஷர் மாத்திரைக்காக இலுப்பூருக்கோ புதுக்கோட்டைக்கோ பஸ் ஏறினால் பாதி நாள் போச்சு. துணைக்குப் போகிறவரின் கூலியும் போச்சு. அந்த மாத்திரை வாசலுக்கே வருவது சின்ன விஷயம் இல்லை. என் கேள்வி எல்லாம், இந்தத் திட்டத்தை நாம் எதை வைத்து அளக்கிறோம் என்பதுதான்.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகின கதை. சர்வர் நல்லா ஓடுதுன்னு டாஷ்போர்டு பச்சை காட்டும். யூசருக்குப் பக்கமே திறக்காது. பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகக் கட்டிலில் கிடக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். மாத்திரை மாதாமாதம் வருது, பிரஷர் 130/80. பதிவேட்டில் எல்லாம் சரி. ஆனால் முதுகில் படுக்கைப்புண், ராத்திரி தூக்கம் கிடையாது, வாசல் திண்ணைக்கு வந்தே பல மாசம் ஆச்சு. அவரைத் தூக்கிப் புரட்டும் மருமகளுக்கு இடுப்பு போச்சு. இதெல்லாம் அந்த எண்ணில் எங்கே இருக்கு?

இங்கேதான் செவிலியரின் வேலை வருகிறது. ஒரே இடத்தில் உடம்பின் எடை அழுத்திக்கொண்டே இருந்தால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து சதை அழுகும். அதைத் தடுப்பது, நேரம் பார்த்துப் பக்கம் மாற்றிப் படுக்கவைப்பதும் ஈரம் படாமல் பார்ப்பதும்தான். சர்க்கரை நோயில் காலில் உணர்ச்சி போனவருக்கு முள் குத்தினதே தெரியாது. தினமும் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தால் பல பேருக்குக் கால் தப்பிக்கும். திட்டத்தில் இதற்கு இடம் உண்டு: நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கே வருகிறார்கள். ஆனால் செய்தியில் வருவது எத்தனை பேருக்குச் சேவை போனது என்ற கணக்கு. போன பிறகு அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது வருவதில்லை.

அளக்க முடியாத விஷயமா? உலக சுகாதார நிறுவனத்தின் சுருக்கமான வாழ்க்கைத்தர வினாத்தாளில் 26 கேள்விகள். அதில் 2 பொதுவானவை. மீதி 24 உடல், மனம், உறவுகள், சூழல் என்ற நாலு பகுதிகளில் வரும். வலி, தூக்கம், நடமாட்டம் எல்லாம் உண்டு. இதன் மூல வினாத்தாளை உருவாக்கிய 15 மையங்களில் சென்னையும் ஒன்று. தமிழ் வடிவமும் இருக்கிறது.

அந்த வினாத்தாளிலும் குறை உண்டு. நம்ம ஊரில் "எப்படி இருக்கீங்க?" என்றால் "ஏதோ இருக்கேம்பா" என்பதுதான் பதில். அதை 1 முதல் 5-க்குள் எங்கே போடுவது? புண்ணைத் துடைத்துக் கட்டுப்போட்டுக்கொண்டே பேச்சுக் கொடுக்கும் செவிலியரிடம்தான் அந்த 'ஏதோ'வுக்குள் இருப்பது வெளியே வரும். இன்னொன்று, நோயாளியிடம் கேட்கும் இந்தத் தாளில் மருமகளின் இடுப்பு வலிக்கு இடமே இல்லை.

எல்லோரிடமும் 26 கேள்வி கேட்பது நடக்காது. ஏற்கெனவே ஓடி ஓடி வேலை செய்பவர்களுக்கு அது இன்னொரு சுமை. படுக்கையில் இருப்பவர்களிடம் மட்டும், ஆறு மாசத்துக்கு ஒரு முறை நாலு கேள்வி போதும்: வலி குறைஞ்சுதா, தூக்கம் வருதா, வெளியே வந்தீங்களா, பார்த்துக்கறவங்களுக்கு ஓய்வு கிடைக்குதா? ஒரே நிபந்தனை, அந்த மதிப்பெண்ணைச் செவிலியரின் வேலை மதிப்பீட்டோடு கட்டக் கூடாது. கட்டினால் அடுத்த மாசமே எல்லாருக்கும் 5 வந்துவிடும். நமக்கு இன்னொரு பச்சை டாஷ்போர்டுதான் மிஞ்சும்.