கூற்றும் கேட்போரும்

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. மாத்திரை, எழுத்து, அசை, சீர் என்று ஓசையில் தொடங்கும் அந்த வரிசையின் நடுவே கூற்று, கேட்போர், களன், காலம் ஆகிய நான்கும் வருகின்றன. பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார், எங்கே, எப்போது? எடுத்துரைப்பு பற்றி எந்த மொழியில் யார் எழுதினாலும் இந்த நான்கு கேள்விகளைத் தொடாமல் போக முடியாது. அகத்திணையில் நிகழ்ச்சிகள் கொஞ்சம்தான்: சந்திப்பு, பிரிவு, காத்திருப்பு, உடன்போக்கு. மகள் காதலனோடு போய்விட்டாள் என்பதைச் செவிலி சொன்னால் வீடு அழுகிறது. வழியில் அவர்களைக் கண்டவர் சொன்னால் அதே செய்தி வாழ்த்தாகிவிடுகிறது. தலைவன் சிறைப்புறத்தில் நிற்பதை அறிந்தே தோழி தலைவியிடம் பேசும் பாட்டுகளும் உண்டு. அங்கே பேச்சு அவளை நோக்கி, பொருள் அவனை நோக்கி.

நம் புனைகதையையும் திரைப்படத்தையும் இந்த அளவுகோலால் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். என்ன நடந்தது என்பதை எந்தக் கதைக்கும் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அதை வேறொரு வாயில் வைத்தால் எது உதிர்ந்துபோகும் என்று கேட்கும்போதுதான் எழுத்தின் தரம் தெரிகிறது.

1879-இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் நாயகன் தன் கதையைத் தானே சொல்கிறான். ஆனால் அந்த ‘நான்’ வேதநாயகம் பிள்ளையின் கிளைக்கதைகளுக்கும் அறிவுரைகளுக்கும் திறந்துவிட்ட வாசல். பிரதாபன் மட்டுமே சொல்லக்கூடியது அதில் அதிகம் இல்லை. வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமர’த்தில் நிலைமை வேறு. சொல்வது மரம். மரம் கதை சொல்லும் உத்திக்குத் தாகூரின் கதையொன்றில் பேசும் படித்துறை முன்னோடி என்பார்கள், இருக்கட்டும். கணவன் நாகராஜனின் மனத்தில் இருப்பது அந்த மரத்துக்குத் தெரியும், மனைவி ருக்மிணிக்குத் தெரியாது. மரத்தால் அவளிடம் ஒரு சொல் சொல்ல முடியாது. எல்லாம் முடிந்து காலம் கடந்த பிறகு, நம்மிடம்தான் சொல்ல முடிகிறது. ஊர்க்காரர் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் ‘நீ ஏன் தடுக்கவில்லை’ என்று கேட்டிருப்போம். மரம் சொல்வதால் அந்தக் கேள்வி எழ வழியில்லாமல் துக்கம் மட்டும் நிற்கிறது.

மணிக்கொடி இதழில் எழுதியவர்களை ஒரே பள்ளி என்று சொல்லிவிடுகிறோம். எடுத்துரைப்பில் அவர்கள் மூன்று பள்ளிகளாவது இருக்கும். புதுமைப்பித்தன் வாசகனைச் சும்மா இருக்க விடமாட்டார். ‘பொன்னகர’த்தில் கதைசொல்லி முடிவில் நம் பக்கம் திரும்பிக் கேள்வி கேட்கிறார். அம்மாளுவின் கதையைப் படிக்கிறோம் என்று நினைத்திருந்த நாம் அந்தக் கணத்தில் கேட்போர் ஆகிவிடுகிறோம், குற்றத்தில் பங்குள்ள கேட்போர். ‘செல்லம்மா’ளிலோ மரணம் முதலிலேயே வந்துவிடுகிறது. இனி என்ன ஆகும் என்ற ஆவலைத் தொடக்கத்திலேயே எடுத்துவிட்டதால், கணவர் பிரமநாயகம் பிள்ளை அவளுக்குச் செய்யும் ஒவ்வொரு சிறு பணிவிடையையும் நின்று பார்க்கிறோம். கு.ப.ரா.வின் ‘விடியுமா?’ இதற்கு நேர் எதிர். கணவன் கவலைக்கிடமாக இருப்பதாகத் தந்தி வருகிறது, இரவு ரயிலில் மனைவி போகிறாள், உடன்பிறந்தவன் சொல்கிறான். அவனுக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் நமக்குக் கிடைப்பதில்லை. ஆகவே அவர்களோடு நாமும் அந்தப் பெட்டியில் உட்கார்ந்து, நம்பியும் நம்பாமலும் இரவைக் கழிக்கிறோம். மௌனியிடம் காலமே குழைந்துவிடுகிறது. நினைவு எது, இப்போது நடப்பது எது என்ற கோடு அழிகிறது. சிலர் இதைத் தெளிவின்மை என்பார்கள். அவர் எழுதிய மனநிலைக்கு வேறு வாகனம் கிடையாது என்பது என் கருத்து.

ஜெயகாந்தனிடம் சற்று நின்று பேச வேண்டும். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேச’த்தில், மழைநாளில் காரில் ஏறிச் சீரழிந்து வீடு திரும்பும் பெண்ணின் தலையில் தாய் நீரூற்றி, அவளை ஏற்றுக்கொள்கிறாள். பெரிய சர்ச்சை எழுந்தது. தாய் அப்படிச் செய்யாமல் கூச்சலிட்டிருந்தால் என்ற கேள்வியில் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ பிறக்கிறது. இந்த நாவலைக் கங்கா தானே சொல்கிறாள். தன் கதையைப் போன்ற ஒரு கதையை ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதிப் பத்திரிகையில் வெளியிட்டிருப்பதை அவள் படிக்கிறாள். அந்தக் கதையில் தாய் மன்னிக்கிறாள். இவள் வாழ்க்கையில் அது நடக்கவில்லை. முதல் கதையின் நாயகி, நாவலில் அந்தக் கதைக்கே வாசகி ஆகிறாள். எழுத்தாளரின் கருணை அவளுக்கு ஆறுதலாக வரவில்லை, நடந்திருக்கக்கூடிய ஒன்றாகக் கண்முன் நின்று வதைக்கிறது. எழுதியவனும் எழுதப்பட்டவளும் இப்படி நேருக்கு நேர் நின்ற இடம் தமிழில் அதற்கு முன் உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும். இதைவிட வலுவாக நின்ற இடத்தை நான் படித்ததில்லை.

1977-இல் பீம்சிங் இயக்கத்தில் அந்த நாவல் படமானது. திரைக்கதை ஜெயகாந்தனே. லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது, நாகேஷ் ஆர்.கே.வி.யாக வந்தார். நாவலில் கங்காவின் முகம் நமக்குத் தெரியாது, மனம் தெரியும். படத்தில் முகம் முதலில் வருகிறது; நாம் அவளைப் பார்க்கிறவர்கள் ஆகிறோம். பார்க்கப்படுவதாலேயே துன்புற்ற ஒரு பெண்ணின் கதையில் இந்த மாற்றம் சாதாரணமானது அல்ல. லட்சுமி தன் முகத்தை எங்கெல்லாம் மூடி வைத்துக்கொள்கிறார் என்று கவனித்தால், நாவலின் ‘நான்’ எங்கே போய்ச் சேர்ந்தது என்பது புரியும்.

அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். ‘கரைந்த நிழல்க’ளில் திரையுலகை எழுதும்போது, அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆளை மாற்றிக்கொண்டே போகிறார். ஒருவருடைய வீழ்ச்சி நடக்கும்போது நாம் வேறொருவரோடு இருக்கிறோம். பிறகு பேச்சுவாக்கில் கேள்விப்படுகிறோம். யாரும் நாயகர் இல்லாத அந்தச் சொல்முறையே அந்தத் தொழிலைப் பற்றிய அவர் தீர்ப்பு.

திரைப்படம் இந்தக் கலையைத் தன் வழியில் கற்றது. 1950-இல் குரோசாவா எடுத்த ‘ராஷோமான்’ ஒரு கொலையை நான்கு வாய்களில் வைத்து, எது உண்மை என்று சொல்லாமல் விட்டது. எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ 1954-இல் பாட்டே இல்லாமல் வந்தது. அதுவும் ஒரு கொலையைப் பலர் வாக்கில் மாற்றி மாற்றிக் காட்டியது, ஆனால் முடிவில் கொன்றவர் யார் என்று சொல்லிவிட்டது. 50 ஆண்டு கழித்துக் கமல்ஹாசனின் ‘விருமாண்டி’யில் சிறைக்குள் ஒரு ஆவணப்பட இயக்குநர் கேட்க, கொத்தாளத் தேவர் ஒரு கதை சொல்கிறார், விருமாண்டி வேறொன்று சொல்கிறான். அங்கும் பின்னது மெய் என்று நிலைநாட்டப்படுகிறது. இதைக் குறை என்று எளிதாகத் தள்ள எனக்கு மனம் வருவதில்லை. கண்ணகி வழக்குரைத்த மரபில் வந்த பார்வையாளர்களுக்கு, சாட்சியங்கள் முரண்பட்டால் வழக்கு தீரவேண்டும். அதே சமயம், முதல் வாக்குமூலத்தை நாம் நம்பியிருந்தோம் என்பதை இரண்டாவது காட்டிக்கொடுக்கிறதே, அந்த இடத்தில்தான் ‘விருமாண்டி’ உயர்கிறது.

கரிசல் எழுத்தில் சொல்பவர்கள் ஊரிலிருந்தே எழுந்து வருகிறார்கள். ‘கோபல்ல கிராம’த்தில் குடிபெயர்ந்து வந்த வரலாறு ஒரு முதிய பாட்டியின் நினைவில் இருக்கிறது, கி.ரா. அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார். பூமணியின் ‘வெக்கை’ (1982) இன்னும் இறுக்கமானது. கையை வெட்டப் போன சிறுவன் சிதம்பரம் ஆளையே கொன்றுவிட்ட நிலையில் நாவல் தொடங்குகிறது. படர்க்கையில்தான் எழுதப்பட்டது, ஆனால் பார்வை சிறுவனை விட்டு அகல்வதில்லை. காடு, பசி, அப்பாவின் நிதானம் எல்லாம் அவன் கண்ணில் படுகிறபடியே வருகின்றன. கொலையின் நியாயத்தை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

2019-இல் வெற்றிமாறன் அதை ‘அசுரன்’ ஆக்கியபோது மையம் தந்தைக்குப் போனது. சிவசாமி தன் இளமைக் கதையைச் சொல்கிறார், சிதம்பரம் கேட்கிறான். எரிந்த குடிசைகளும் இழந்த உறவுகளும் அந்தப் பின்கதையில் வருகின்றன. கதைக்கு ஒரு தலைமுறை ஆழம் கிடைத்தது. தந்தையைக் கோழை என்று நினைத்த மகன் அவரை அறிகிறான். இழப்பும் உண்டு. நாவலில் சிறுவனின் செயல் அவனுடையது; படத்தில் அது தந்தை அடக்கி வைத்த கோபத்தின் மிச்சமாகிவிடுகிறது. அப்பாவைத் தெரிந்துகொள்ள அவனுக்குப் பின்கதை எதுவும் தேவைப்படாத அந்த நாவல்தான் எனக்கு இரண்டிலும் பெரியது. ஆனால் தன்னைக் கேட்க ஒரு மகன் கிடைத்த பிறகுதான் சிவசாமி வாய் திறக்கிறார் என்பதை வெற்றிமாறன் கண்டுகொண்டது, நாவலில் இல்லாத சொந்த வெற்றி.