கடமை மகனுக்கு, வேலை மகளுக்கு

அம்மாவின் இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் அவளைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, இருவருமாக ‘கே.டி (எ) கருப்புதுரை’ பார்த்தோம். நினைவிழந்து கிடந்து கண்விழிக்கும் 80 வயதுக் கருப்புதுரை, வீட்டார் தன்னைக் கொல்லத் திட்டமிடுவதைக் கேட்டுவிட்டு வெளியேறுகிறார். வழியில் ஒரு சிறுவன் துணையாகிறான். கிழவரின் ஆசைகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக நிறைவேற்றுகிறார்கள். நான் இரண்டு இடத்தில் அழுதேன். அம்மா அழவில்லை. படம் முடிந்ததும், “கெழவன் ஓடிப்போயி பிரியாணி திங்கான். கெழவி ஓடுனா எவன் ஏட்டி படம் எடுப்பான்?” என்று கேட்டாள்.

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் நாற்பது வருடம் மீன் விற்றவள் அவள். சினிமா விமர்சனம் படித்ததில்லை. ஆனால் நான் படித்த எந்த விமர்சனமும் அந்தக் கேள்வியைக் கேட்டதாக நினைவில்லை.

படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிடும் தலைக்கூத்தல் என்ற வழக்கம் பற்றி 2010 வாக்கில் நாளிதழ்களில் விரிவாகச் செய்திகள் வந்தன. விருதுநகர், மதுரை மாவட்டங்களோடு எங்கள் மாவட்டத்தின் உள்பகுதி ஊர்களும் அவற்றில் பேசப்பட்டன. அதன் பிறகு இதை மையமாக வைத்துக் குறைந்தது மூன்று தமிழ்ப் படங்கள் வந்துவிட்டன. தேசிய விருது பெற்ற ‘பாரம்’, 2019இல் வந்த ‘கே.டி’, 2023இல் வந்த ‘தலைக்கூத்தல்’. முதல் இரண்டையும் இயக்கியவர்கள் பெண்கள்: பிரியா கிருஷ்ணசாமி, மதுமிதா. மூன்றாவதை இயக்கியவர் ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன். மூன்றும் அக்கறையோடு எடுக்கப்பட்ட படங்கள்தாம். ஆனால் மூன்றிலும் படுக்கையில் கிடப்பவர் ஒரு தகப்பன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். துணையை இழந்து வாழ்பவர்களிலும் அவர்களே அதிகம். அப்படியிருந்தும் கதை ஏன் கிழவரைத் தேடிப் போகிறது? ஆணின் முதுமையைத்தான் நாம் வீழ்ச்சியாகப் பார்க்கிறோம் என்பதே எனக்குத் தோன்றும் காரணம். அவரிடம் நிலம் இருந்தது, கையெழுத்து இருந்தது, அதட்டுகிற குரல் இருந்தது. அவை போகும்போது பார்ப்பவர் மனம் பதைக்கிறது. பெண்ணிடம் சுதந்திரம் என்று ஒன்று இருந்ததாகவே யாரும் நினைக்காததால், அது போவதும் கண்ணில் படுவதில்லை.

‘பாரம்’ படத்தின் கருப்பசாமி இரவுக் காவலாளி. நகரத்தில் தங்கையோடும் அவள் பிள்ளைகளோடும் இருக்கிறார். விபத்தில் இடுப்பெலும்பு முறிகிறது. தங்கை வீட்டார் அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். ஆனால் மகன் வந்து கிராமத்துக்குத் தூக்கிப் போய்விடுகிறான். படம் அதன் பிறகு கொலையையும் அதை மறைக்கும் ஊரையும் பின்தொடர்கிறது. எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்கு முந்தைய இடம். இத்தனை நாள் சோறு போட்டவள் தங்கை. முடிவெடுக்கும் உரிமை மகனுக்கு. அவன் வந்து நின்றதும் அவள் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போகிறது. இதை ஒரு அநியாயமாகப் படம் தனியே எடுத்துச் சொல்வதில்லை. நம் வீடுகளிலும் அப்படித்தானே நடக்கிறது.

‘தலைக்கூத்தல்’ படத்தில் சமுத்திரக்கனி நடித்திருக்கும் மகன், நினைவின்றிக் கிடக்கும் தகப்பனைத் தானே பார்த்துக்கொள்கிறான். மனைவியும் அவள் வீட்டாரும் போதும் முடித்துவிடு என்கிறபோது மறுக்கிறான். மனைவியைப் படம் வில்லியாக்கவில்லை. அவள் களைப்பும் கடனும் நமக்குத் தெரிகின்றன. ஆனாலும் படத்தின் தராசைப் பாருங்கள். ஒரு ஆண் தகப்பனைக் குளிப்பாட்டினால் அது ஒரு முழுநீளப் படத்துக்குரிய தியாகம். அதே வேலையைத் தெருவுக்குப் பத்துப் பெண்கள் மாமியாருக்கும் மாமனாருக்கும் அம்மாவுக்கும் செய்துகொண்டிருக்கிறார்கள். அதற்குப் பெயர் கூடக் கிடையாது.

பெயர் இருக்கிறது, வேலை. மகன் செய்தால் கடமை, மகளோ மருமகளோ செய்தால் வேலை. கடமையைச் செய்தவனுக்குப் புகழ் வரும், செய்யாதவனுக்குப் பழி வரும். வேலையைச் செய்தவளுக்கு எதுவும் வராது, செய்யாதவளுக்கு மட்டும் பழி வரும். இது இன்று நேற்று வந்ததில்லை. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்தில் தந்தைக்கு மகன் செய்ய வேண்டியது பேசப்படுகிறது. தாய் மகனை நினைத்து மகிழ்பவளாக வருகிறாள். மகள் வரவில்லை.

சட்டம் மகளைக் கணக்கில் எடுத்திருக்கிறது. திருமணமான மகளுக்கும் பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பு உண்டு என்று 1987இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2007இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மகனையும் மகளையும் ஒரே தட்டில் வைக்கிறது. ஆனால் அங்கே பராமரிப்பு என்றால் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம். மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். பணத்தை அனுப்புகிறவர் இந்தக் கணக்கில் வருவார். இரவு மூன்று மணிக்கு எழுந்து துணி மாற்றுகிறவள் எந்தக் கணக்கிலும் வரமாட்டாள். 2019இல் கொண்டுவந்த திருத்த மசோதா மருமகளையும் மருமகனையும் பொறுப்பாளிகள் பட்டியலில் சேர்க்கப் பார்த்தது. அது நிறைவேறவில்லை. இதே சட்டத்தைக் காட்டி மருமகளை வீட்டைவிட்டு வெளியேற்றவும் முயன்றார்கள். குடும்ப வன்முறைச் சட்டம் அவளுக்குத் தரும் வசிப்பிட உரிமையை இப்படித் தட்டிப் பறிக்க முடியாது என்று 2020 டிசம்பரில் வனிதா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

இதுவரை எழுதியது எனக்குச் சுலபம். என் வீட்டுக்குள் நடந்ததை எழுதுவதுதான் கடினம்.

அம்மா விடியும் முன்பே ஏலத்துக்குப் போய்விடுவாள். எடுத்த மீனைக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்பாள். மிஞ்சியதை உப்பிட்டுக் கருவாடாக்குவாள். சீட்டு போட்டாள். எங்கள் படிப்பும் அண்ணன் கப்பல் வேலைக்குப் போனதும் அவள் சுருக்குப் பையிலிருந்து வந்தவை. அப்பா இருந்தபோதும் பீரோச் சாவி அவளிடம்தான்.

அவள் விழுந்த பிறகு அண்ணன் பணம் அனுப்பினான். நான் வேலையை விட்டுவிட்டு அவளோடு வந்து இருந்தேன். முதல் வாரமே பீரோச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு பாஸ் புத்தகம். பிறகு, யாரிடமும் ஏமாந்துவிடக் கூடாதென்று, செல்போன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் நியாயம் இருந்தது. ஜூலை 26, பனிமய மாதா கோயில் கொடியேற்றம். மூன்று நாளாக என்னைக் கூட்டிப்போ என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கூட்டம், வெயில் என்று சொல்லி மறுத்தேன். அண்ணனும் கப்பலிலிருந்து பேசி, “அம்மாவ வெளிய விடாத” என்றான். அன்று ராத்திரி நான் தூங்கியபின் வாக்கரைப் பிடித்துத் தானே எழுந்து வாசல்படி வரை போய் உட்கார்ந்திருந்தாள். விடியற்காலையில் பார்த்துப் பதறிப்போய், பிள்ளையை ஏசுவது போல ஏசினேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: “நீ நல்லாத்தான் பாக்க. எங்கிட்ட கேக்கத்தான் மாட்டேங்க.”

அந்தப் படங்களில் நான் குறை சொன்ன மகன்களின் இடத்தில் அன்று நான் நின்றேன். என் உழைப்புக்குக் கூலி இல்லை, விடுப்பு இல்லை, பேச்சில் மரியாதை இல்லை. எனக்குக் கிடைத்த ஒரே கூலி அம்மாவின் மேல் அதிகாரம். அதை விடாமல் வசூலித்துக்கொண்டிருந்தேன். பராமரிப்பைப் பெண் தலையில் மட்டும் கட்டுகிற ஏற்பாடு இரண்டு பெண்களை ஒருசேர அடைத்துப் போடுகிறது. பார்ப்பவளுக்கு ஓய்வு வேண்டும் என்பதும் பார்க்கப்படுபவளுக்குக் குரல் வேண்டும் என்பதும் ஒரே கோரிக்கையின் இரு பாதிகள்.

இதைத் தொட்ட எழுத்து தமிழில் இல்லாமல் இல்லை. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையில் வரும் ஜீஜி வயதான பெண். அவளுடைய ஆட்சி சமையலறையும் நகையும்தான். அது எவ்வளவு சின்ன ராஜ்யம் என்று அம்பை காட்டும்போதும் அவளைச் சுமையாக ஆக்குவதில்லை. முடியாமல் படுத்திருக்கும் அவளிடம் மருமகள் உட்கார்ந்து பேசுகிறாள். நம் திரைக்கு இன்னும் வராத காட்சி அது.

என் தாய்வழித் தாத்தா முத்துக் குளித்தவர். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். கல்லைக் கட்டி இறங்குகிறவரின் உயிர், மேலே வள்ளத்தில் நின்று கயிற்றைப் பிடிப்பவர் கையில். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் கரையில் சொல்வார்கள். விட்டால் தாலியறுப்பது அவன் தங்கை என்பதால். வள்ளத்தில் ஏறாத ஒரு பெண்ணின் வாழ்க்கைதான் அந்த நம்பிக்கைக்குப் பிணை. அதை அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். இந்த முறை இன்னொன்றும் சொன்னாள். “மேல நிக்கவன் நெனச்ச நேரமெல்லாம் இழுக்கக் கூடாது. கீழ உள்ளவன் அசைச்சாத்தான் இழுக்கணும்.”

அன்றைக்கே சாவியையும் செல்போனையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். அண்ணனிடம், பணம் மட்டும் போதாது, அடுத்த விடுப்பில் இரண்டு மாதம் நீ இரு, நான் போகிறேன் என்றேன். முதலில் கோபப்பட்டான். பிறகு வந்தான். பகலுக்குச் சம்பளத்துக்கு ஒரு அக்காவை வைத்தோம், ராத்திரி அவன் பொறுப்பு. சொந்தக்காரர்கள் இன்றுவரை அவனைப் போற்றுகிறார்கள். அம்மாவும் நானும் சிரித்துக்கொள்கிறோம்.

ஆகஸ்ட் 5, மாதா திருநாளுக்கு மூவருமாக ஆட்டோவில் போனோம். வழியை அம்மாதான் சொன்னாள். மீன் சந்தை வழியாக விடச் சொல்லி, இருந்த இடத்திலிருந்தே சாளை விலை கேட்டாள். கொள்ளை விலை என்று சொல்லி, வாங்காமல் ஆட்டோவை எடுக்கச் சொன்னாள்.