வருமா, வாருமா? தேவாலய இசை நடத்துநரின் ஊழியம்

சனிக்கிழமை மாலை ஆறரைக்குப் பாட்டுப் பயிற்சி என்றால், டெனர் வரிசையில் இரண்டாவது ஆள் வந்து உட்கார ஏழாகிவிடும். சோப்ரானோவில் பன்னிரண்டு பெண்கள். பேஸில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரும் கல்லூரி மாணவன் ஒருவனும். கொயர் மாஸ்டர் ஹார்மோனியத்தில் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தபடி ஒரே சொல்லை ஐந்தாம் முறையாகப் பாடவைக்கிறார். தாளில் இருப்பது 'வரும்'. அந்த இடத்தில் மெட்டு நீள்வதால் குழு 'வாரும்' என்கிறது. ஆண்டவரின் நாள் வரும் என்ற அறிவிப்பு, ஆண்டவரே வாரும் என்ற வேண்டுதலாகிவிடுகிறது. அந்த ஒரு குறிலைக் காப்பாற்ற அவர் படும் பாட்டுக்கு முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு.

இந்தப் பதவிக்கு முன்னோடியாக எல்லாரும் காட்டுவது யோகான் செபாஸ்தியான் பாக்கை. 1723 முதல் 1750இல் இறக்கும்வரை அவர் லைப்சிக் நகரின் தூய தோமா பள்ளியில் இசைப் பொறுப்பாளர். நகர மன்றம் முதலில் விரும்பியது டெலிமானை, அடுத்து கிரௌப்னரை. இருவரும் கிடைக்காமல் போன பிறகுதான் பாக்கின் முறை வந்தது. 1730 ஆகஸ்டில் மன்றத்துக்கு எழுதிய மனுவில் தம் பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கிறார்: 54 பேரில் 17 பேர் பாடத் தக்கவர்கள், 20 பேர் இனிமேல் தேறவேண்டியவர்கள், 17 பேர் இசைக்கு ஆகாதவர்கள். அதே ஆண்டு அக்டோபரில் பழைய நண்பருக்கு எழுதிய கடிதத்தில் வரும்படிக் கணக்கு. ஆண்டுக்கு 700 தாலர் அளவில் கிடைக்கிறது. ஊரில் சாவு கூடினால் அடக்க ஆராதனைப் படியும் கூடும், நல்ல காற்று வீசினால் குறையும் என்கிறார். முந்தைய ஆண்டு ஊர் ஆரோக்கியமாக இருந்ததில் அவருக்கு 100 தாலருக்கு மேல் நட்டம்! ஆள் பற்றாக்குறையும் மேலிடத்தோடு உரசலும் இந்த ஊழியத்தின் பரம்பரைச் சொத்து.

பாக் லைப்சிக்கில் சபைப் பாடல்களுக்கு நான்கு குரல் அமைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே தரங்கம்பாடியில் ஜெர்மன் மெட்டுகளில் தமிழ் ஒலித்துக்கொண்டிருந்தது. 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் தங்கள் ஊர்ப் பாட்டுகளைத் தமிழாக்கினார்கள். பின்னால் பப்ரிசியஸ் அவற்றைச் செப்பம் செய்தார். ஞானப்பாட்டு என்ற பெயரில் அவை நிலைபெற்றன, சிக்கலும் கூடவே நிலைபெற்றது. ஜெர்மன் பாட்டில் சொல்லின் அழுத்தமும் மெட்டின் அழுத்தமும் கைகோத்து நடக்கும். தமிழுக்கு மாத்திரைதான் கணக்கு: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. மெட்டு குறிலை இழுத்தால் பொருளே திரிந்துபோகும்.

இதற்குத் தஞ்சாவூரிலிருந்து விடை சொன்னவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பு, சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்ற கவிஞர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று தமிழ் தன் மாத்திரையோடு நடக்கும் கீர்த்தனைகளை அவர் சபைக்குத் தந்தார். பிந்தைய மிஷனரிகளில் சிலர் ஆராதனையில் இந்த இசை வேண்டாம் என்றபோது எதிர்த்து எழுதினார். அதே எதிர்ப்பில், சபையில் சாதி வேற்றுமையை நீக்க அவர்கள் எடுத்த முயற்சியையும் குற்றமாகவே சேர்த்தார். இசையில் அவர் பக்கம் இருந்த நியாயம் இதில் இல்லை. தமிழ்க் கிறிஸ்தவ இசையைப் பேசுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அவருடைய பாடல்களைப் பெருமளவில் கொண்ட தொகுப்பை 1853இல் வெளியிட்டவர் மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப். அதன்பின் கீர்த்தனை தஞ்சையைத் தாண்டிப் பல சபைகளின் பொதுச்சொத்தாயிற்று. 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலைத் தந்த ஆபிரகாம் பண்டிதரும் கிறிஸ்தவப் பாடல்கள் புனைந்தவர்தான். சுருதி ஆராய்ச்சியும் பக்தியும் அவருக்கு ஒரே வேலை. கத்தோலிக்கத் திருச்சபையில் கதவு தாமதமாகத் திறந்தது. 1903இல் பத்தாம் பயஸ் வழிபாட்டுப் பாடகர் குழுவில் பெண்களுக்கு இடமில்லை என்றார், பியானோவையும் விலக்கினார். தாய்மொழிக்கும் அந்தந்த மக்களின் இசைக்கும் வழிவிட்டது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1963ஆம் ஆண்டு வழிபாட்டு ஏடு.

கீர்த்தனையும் எல்லாருக்கும் வீட்டுப் பாட்டாக இருந்துவிடவில்லை. பரட்டை என்று அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு (1940–2005), மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றியவர், கேட்டது இதைத்தான்: கர்நாடக ராகம் யார் வீட்டு இசை? தலித் மக்கள் நிறைந்த கிராமச் சபைகளுக்கு அவர் நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டு முறை அமைத்தார். பாடுகிறவர்கள் தங்களுக்கேற்பச் சொல்லையும் மெட்டையும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் கொள்கை. சாஸ்திரியார் விட்டுச்சென்ற பாதி வேலையை அவர் எடுத்துச் செய்தார்.

இன்றைய கொயர் மாஸ்டர் இந்த மூன்று மரபுக்கும் வாரிசு. ஒரே ஆராதனையில் ஞானப்பாட்டு, கீர்த்தனை, துள்ளலான புதுப்பாட்டு மூன்றும் வரும். பலருக்கு இது மாலைநேர வேலை. பகலில் பள்ளியோ வங்கியோ. ஞாயிறு காலை ஆராதனையில் தொண்டை திறந்திருக்காது என்று சுருதியைக் குறைப்பார். ஆல்ட்டோவுக்கு ஆளில்லை என்றால் அந்த வரியைக் கீபோர்டில் தாமே பிடிப்பார். சவ அடக்கத்துக்கு மதியம் மூன்று மணிக்குக் குழு வேண்டுமென்று ஐயர் காலையில் போன் செய்வார். இப்போது புதுப் போட்டி, பென்டிரைவில் வரும் பின்னணி இசை. அது தாளம் தப்பாது. ஆனால் முன்வரிசைப் பாட்டிக்கு மூச்சு வாங்கினால் காத்திருக்கவும் அதற்குத் தெரியாது.

குழு எத்தனை குரலில் பாடியது, கேரல்ஸ் ஆராதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வைத்தே இவர்களை எடைபோடுகிறோம். எனக்கு அது சரியான தராசாகத் தெரியவில்லை. குழு பாட, சபை வேடிக்கை பார்த்தால் அது கச்சேரி. கடைசிப் பெஞ்சில் இருப்பவர் வாய் திறந்தால்தான் கொயர் மாஸ்டரின் வேலை முடிந்தது. சேகரக் கமிட்டிகள் ஒலிபெருக்கிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கவும் அதைச் சொல்லிக்கொடுப்பவருக்கும் ஒதுக்கட்டும். 'வரும்' எது, 'வாரும்' எது என்று காதில் ஏறவேண்டிய வயது அதுதான்.