பேரரசரின் சிறையும் திருப்பாடுகளின் சாயலும்: இரண்டாம் லூயி குறித்த இலத்தீன் புலம்பல்

ஆய்வுச் சுருக்கம்

கி.பி. 871ஆம் ஆண்டு தென் இத்தாலியின் பெனவெந்தோ நகரில் பேரரசர் இரண்டாம் லூயி சிறைப்பிடிக்கப்பட்டதைப் பாடும் இலத்தீன் பாடலை இக்கட்டுரை ஆராய்கிறது. அரசனுக்கு நேர்ந்த அவமானத்தைக் கிறித்துவின் திருப்பாடுகளின் சாயலில் வார்த்து, அதனைப் புனிதத் துன்பமாக மாற்ற இப்பாடல் முயல்கிறது. அச்சாயல் பொருந்தாமல் விலகும் இடங்களே பாடலின் அரசியலைக் காட்டுகின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: இடைக்கால இலத்தீன், புலம்பல் பாடல், இரண்டாம் லூயி, பெனவெந்தோ, திருப்பாடுகள்.

முன்னுரை

தமிழ் இலக்கணம் கூறும் கையறுநிலை, இறந்த தலைவனை எண்ணி வருந்துவது. இடைக்கால ஐரோப்பாவின் இலத்தீன் புலம்பல் மரபு, இறந்தோரைப் பாடியதோடு, அழிந்த நகரங்களையும் தோற்ற போர்களையும் சிறைப்பட்ட ஆட்சியாளரையும் பாடியது. சிறைப்பட்டவன் உயிரோடிருப்பவன்; அவனுக்காகப் புலம்புவது அவனது மதிப்பை மீட்கும் செயலாகவும் ஆகிறது. வெரோனா நகரக் கதீட்ரல் நூலகச் சுவடியில் எஞ்சியுள்ள இப்பாடல் அதற்குத் தக்க சான்றாகும். பிழை மலிந்த இலத்தீனால் ஆன நாட்டார் பாடல் என்றோ வரலாற்றுக் குறிப்பு என்றோ மட்டும் இதனை நோக்கினால் இதன் வாதம் புலப்படாது.

வரலாற்றுப் பின்னணி

சார்லமேனின் கொள்ளுப்பேரனான இரண்டாம் லூயி, நீண்ட முற்றுகைக்குப் பின் 871 பிப்ரவரியில் பாரி நகரை முஸ்லிம் அமீர் சவ்தானிடமிருந்து கைப்பற்றினார். வெற்றிக்குப் பின்னும் பேரரசரும் அவர் படையும் தெற்கிலேயே தங்கியது லொம்பார்திய இளவரசர்களுக்கு அச்சமூட்டியது. ஆகஸ்ட் 13 அன்று பெனவெந்தோ இளவரசர் அடெல்கிஸ் அவரைச் சிறைப்பிடித்தார். செப்டம்பர் 17 அன்று விடுவித்தார். பழிவாங்குவதில்லை, படையோடு பெனவெந்தோ எல்லைக்குள் நுழைவதில்லை என்று ஆணையிட்ட பின்னரே விடுதலை கிடைத்தது. இடைப்பட்ட ஐந்து வாரங்களில், அவர் கொல்லப்பட்டார் என்னும் வதந்தி ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் பரவ, அவருடைய சிற்றப்பன்மார் அவரது ஆட்சிப்பகுதியின்மேல் கண்வைத்தனர். 872இல் போப் இரண்டாம் ஹேட்ரியன் அவரை அவ்வாணையிலிருந்து விடுவித்தார். தாம் காக்க வந்த மக்களாலேயே பிடிபட்டு, அவர்களுக்கே வாக்களித்து வெளியேறிய பேரரசரைப் பாடுவதே புலவர் முன் நின்ற சிக்கல்.

பாடலின் அமைப்பு

மூன்றடிப் பாடல்கள் பதினொன்று இன்று எஞ்சியுள்ளன. கடைசிப் பாடலில் இரண்டு அடிகளே உள்ளன. அடி ஒவ்வொன்றும் எட்டும் ஏழுமாகப் பிரியும் பதினைந்து அசைகளை நோக்கமாகக் கொண்டது. செவ்வியல் இலத்தீனின் நெடில் குறில் அளவை விடுத்து, சொல்லழுத்தத்தை அடிப்படையாகக் கொண்ட தாளம் இது. வேற்றுமை உருபுகள் நிலைகுலைந்திருப்பது, பேச்சுமொழி இத்தாலியமாக மாறிவந்த காலத்தின் இலத்தீன் என்பதைக் காட்டுகிறது.

பாடல்களின் முதலெழுத்துகள் இலத்தீன் நெடுங்கணக்கு வரிசையில் அமைகின்றன. ஏழாம் எழுத்தாகிய ‘ஜி’ வரை வரிசை முறையாகச் சென்று, ‘எச்’, ‘ஐ’ இரண்டையும் விட்டு, ‘கே’ முதல் ‘எம்’ வரை தொடர்கிறது. குறைபட்ட இறுதிப் பாடலோ ‘ஐ’ எழுத்தில் தொடங்குகிறது. அது இடையிலிருந்து இடம் பெயர்ந்து ஈற்றில் எழுதப்பட்டிருக்கக்கூடும்.

திருப்பாடுகளின் சாயல்

உலகின் எல்லைகளை எல்லாம் கேட்குமாறு அழைத்துத் தொடங்கும் பாடல், உடனே சதியாலோசனைக்குள் நுழைகிறது. பெனவெந்தோ மக்கள் கூடுகின்றனர். அடல்ஃபெரியோ என்பவர் இளவரசரிடம் பேசுகிறார். இவரை உயிரோடு விட்டால் நாம் அழிவோம் என்பதே ஆலோசனையின் சாரம். யோவான் நற்செய்தியில் இயேசுவைக் கொல்லத் திட்டமிடும் சங்கத்தின் அச்சமும் இத்தகையதே. பின்னர்ப் பேரரசர் இட்டுச்செல்லப்படும் இடத்தைக் குறிக்கும் சொல், இலத்தீன் விவிலியத்தில் பிலாத்துவின் மாளிகையைக் குறிக்கும் சொல்லே. அவர் முகமலர்ச்சியோடு மறைசாட்சியாகச் செல்பவர்போல் நடக்கிறார். தம்மைப் பிடிக்க வந்தோரிடம், கள்வனைப் பிடிப்பதுபோல் ஆயுதங்களோடு வந்தது ஏன் என்று கெத்சமனித் தோட்டத்தில் இயேசு வினவிய வினாவின் சாயலில் அவர் பேசுகிறார்.

இச்சாயலால் அரசியல் தோல்வி அறத்தின் வெற்றியாகிறது. பேரரசரின் படைவலிமை பயன்படாமற் போனது ஏன் என்னும் வினாவே எழாமல் போகிறது.

சாயல் விலகும் இடங்கள்

எனினும் மூன்று இடங்களில் முன்மாதிரியும் நிகழ்வும் பொருந்தவில்லை.

முதலாவது, பேரரசரின் பேச்சு. தாம் உயர்த்திவிட்ட மக்களே தமக்கு எதிராக எழுந்தனர் என்று வருந்துபவர், அடுத்து, கொடிய இனத்தாரை அழிக்கவும் திருச்சபைகளை நேசிக்கவும் சிந்திய குருதிக்குப் பழிதீர்க்கவும் வந்ததாக உரைக்கிறார். பிடிபடும்போது வாளை உறையிலிடச் சொன்ன கிறித்துவின் குரல் இங்கு இல்லை. பாரியை வென்ற படைத்தலைவனின் குரலே கேட்கிறது.

இரண்டாவது, முடிவு. திருப்பாடுகள் மரணத்தை நோக்கிச் செல்பவை, லூயியோ உயிர்பிழைத்தார். ஆகவே பாடல் தண்டனையின் பக்கம் திரும்புகிறது. வஞ்சகச் சோதிப்பவன் ஒருவன் பேரரசின் முடியைத் தானே சூடி, பேயால் அலைக்கழிக்கப்பட்டுத் தரையில் வீழ்கிறான். கிறித்துவின் தீர்ப்பாக வேற்றுச் சமயப் படை கலாப்ரியாவில் இறங்கிச் சலேர்னோ வரை வருகிறது. பேரரசர் எதிர்த்துப் போரிட்ட பகைவரே இப்போது இறைவனின் தண்டனைக் கருவியாகின்றனர். சலேர்னோ முற்றுகை வரலாற்று உண்மை. அதனைப் பெனவெந்தோவின் குற்றத்திற்கான தீர்ப்பாக்குவது புலவரின் வாதம்.

மூன்றாவது, ஆணை. புனிதர்களின் எச்சங்கள்மீது ஆணையிட்டதையும் அரசைக் காப்பதையும் இறுதிப் பாடல் குறிக்கிறது. சிதைந்த நிலையில் அதன் பொருள் தெளிவாக இல்லை. ஆயினும் பழிவாங்கேன் என்று பேரரசர் அளித்த வாக்கு, எஞ்சிய பாடலில் எங்கும் வெளிப்படையாகக் கூறப்படவில்லை. அவமானத்தின் உச்சமான அந்நிகழ்வு பற்றிய மௌனம் கருதத்தக்கது.

எதிர்த்தரப்பின் குரல்

சதிகாரரைச் சங்கத்தாராகக் காட்ட வேண்டுமெனில் அவர்களைப் பேசவைக்க வேண்டும். அப்பேச்சில், பேரரசர் தம் அரசைப் பறிக்கிறார், தம்மை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை, பல தீங்குகள் செய்தார் என்னும் முறையீடு இடம்பெறுகிறது. இது நற்செய்தியிலிருந்து பெற்றதன்று. 871ஆம் ஆண்டுப் பெனவெந்தோவின் குரல். மோந்தே கசினோ துறவி எர்கெம்பெர்ட் எழுதிய லொம்பார்தியர் வரலாறும், பிராங்கியர் பெனவெந்தோ மக்களைக் கடுமையாகத் துன்புறுத்தியதையே சிறைப்பிடிப்பின் காரணமாகக் கூறுகிறது. பேரரசர் சார்பான பாடலும் தெற்கத்தியத் துறவியின் உரைநடையும் இப்புள்ளியில் ஒத்துப்போகின்றன. பாடல் அடெல்கிஸின் பெயரைச் சொல்லாமல் விடுகிறது. ஆனால் அவர் தரப்பின் நியாயத்தை விட்டுவைத்துள்ளது.

முடிவுரை

ஒருசார்புடைய புலம்பல் வரலாற்றுக்குப் பயன்படாது என ஒதுக்குவதும், அதன் கூற்றுகளை அப்படியே தகவலாகக் கொள்வதும் போதா. இப்பாடலில் வடிவமே வாதம். கிறித்துவின் துன்பத்தை அரசனுக்கு அணிவிக்க முயன்ற புலவர், அவ்வடிவத்தின் தேவைக்காகவே பகைவரைப் பேசவிட்டார். பேரரசரின் மதிப்பை மீட்கப் பிறந்த பாடல், அவரைச் சிறையிட்டவர்களின் முறையீட்டையும் காத்துத் தந்திருக்கிறது. இடைக்காலப் புலம்பல்களை ஆராய்வோர், கண்ணீருக்குரியவனைப் போலவே கண்ணீருக்குக் காரணமாகக் காட்டப்பட்டவர்களின் பேச்சையும் கூர்ந்து கேட்க வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.